இல்லாத மாத்திரைக்குப் போட்ட பூச்சியம்

அனுப்புநர்: பள்ளி மாணவி, கம்போலா. (பெயரைக் கடைசியில் எழுதுகிறேன்.)

பெறுநர்: மருந்து வழங்கல் அலுவலர் அவர்கள், மாவட்டச் சுகாதார அலுவலகம்.

நாள்: ஜூன் 24, இரவு.

பொருள்: எங்கள் சுகாதார நிலையத்துக்கு வலிப்பு மாத்திரை வராமல் நின்றுபோனது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைத் தாங்கள் மட்டும் படித்து, வேறு யாரிடமும் காட்டாதிருக்க மன்றாடுகிறேன். இந்நிலையத்தின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் என் அப்பா. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

1. ஜனவரி மழையில் பாலம் போய்விட்டது. தலைநகர் லிலோங்வேயிலிருந்து மருந்து லாரி வரவில்லை. வலிப்பு மாத்திரை தீர்ந்தது. மாதந்தோறும் எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று அப்பா தங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவார். கொடுக்க ஒன்றுமில்லாததால் பூச்சியம் என்று அனுப்பினார். அது உண்மைதான்.

2. பாலத்தைச் சரிசெய்து முடிக்க ஏப்ரல் ஆயிற்று. லாரி வந்தது, வலிப்பு மாத்திரை வரவில்லை. தங்கள் கணினி கடைசி மூன்று மாதச் சராசரியைப் பார்த்துத்தான் அனுப்புமாம். மாத்திரை வராததால் அப்பா மறுபடியும் பூச்சியமே அனுப்பினார். இன்றுவரை இப்படியே போகிறது.

3. மே மாதம் தங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் இளைஞர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாத்திரை ஏன் வருவதில்லை என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். “உங்க ஊர்ல வலிப்பே ஒழிஞ்சு போச்சுண்ணே, விருந்து வைங்க” என்றார் அவர். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். உள்ளே என் தம்பி லிம்பானி படுத்திருந்தான். சோள மாவு கிண்டிக்கொண்டிருந்த அடுப்பில் வலிப்பு வந்து விழுந்து, அவன் இடது கை வெந்திருந்தது.

4. பக்கத்து நிலையத்துக்காரர், வெறுங்கையோடு திரும்பிய நோயாளிகளுக்கும் கொடுத்ததாகச் சேர்த்து அனுப்பினார். நோயாளிகள் கைக்கு வராத அந்த மருந்தைத் திருடி விற்றார் என்று அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதிலிருந்து அப்பா, “இந்த வேலையும் போச்சுன்னா மாவும் இல்ல, மாத்திரையும் இல்ல. பேசாமப் படு” என்கிறார். அவர் கெட்டவர் அல்லர். களைத்துவிட்டார். நாங்களும்தான். இரவில் முறைவைத்துத் தம்பியருகே விழித்திருக்கிறோம். இன்று என் முறை.

5. எனக்கு மலேரியா கண்டு தேர்வெழுதாதபோது ஆசிரியை பூச்சியம் போடவில்லை. அந்தத் தேர்வை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தார். மாத்திரை இல்லாத மாதங்களையும் அப்படியே விட்டுவிட வேண்டுகிறேன். அலமாரியில் மாத்திரை இருந்த மாதங்களை மட்டும் பாருங்கள். இம்மாதக் கடைசியில் அடுத்த கணக்கு. அப்பா பூச்சியம்தான் அனுப்புவார். அதை நம்பாதீர்கள் ஐயா. அவர் பொய் சொன்னதாகவும் நினைக்காதீர்கள்.

பெயரில்லாத மனுவைத் தங்கள் அலுவலகத்தில் கணக்கில் எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். ஆகவே, பயமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,

அப்பா கதவைத் தட்டுகிறார்