அடிப்பலகையில் இருந்த ஊர்

சார்,

பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். எலுமிச்சைத் தோலைக் கிள்ளி, கற்பூரத்தோடு சேர்த்து முகர்ந்தால் வருகிற வாசனை. நாற்பது வருடமாக மரத்தூளையே மூச்சாக இழுக்கிறவன் நான். ஒருமுறை முகர்ந்த மரத்தை மறக்கமாட்டேன். ஜப்பான்காரர்கள் ஹினோக்கி என்று சொல்கிற மரம் அது. என் தாராவிப் பட்டறையில் அந்த மரம் ஒரே ஒரு தடவைதான் இழைப்புளிக்குக் கீழே வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் நீங்கள்.

டப்பாவுக்குள் இருந்தவை சீவல்கள். நான் சீவிய சீவல்கள். அந்தக் காலத்தில் என் இழைப்புளி அலகில் ஒரு சிறிய பொக்கை இருந்தது. அது விட்ட கோடு ஒவ்வொரு சுருளிலும் அப்படியே இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் நீங்கள் பக்தியோடு பொட்டலம் கட்டி எடுத்துப்போனவற்றை, கடலில் விட்டிருப்பீர்கள் என்று நான் நினைத்திருந்தேன். உங்கள் மாட்டுங்கா வீட்டில், நான் செய்து கொடுத்த அலமாரியின் அடி டிராயரில் அவை இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகியிருந்தது. மியூசியத்திலிருந்து ஒருவர் உங்கள் சேகரிப்பைப் பார்க்க வருகிறாராம். எது என்ன, எங்கே வாங்கியது என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்று உங்கள் வீட்டு மாமி கூப்பிட்டார். அவருக்கு அவை எல்லாமே பொம்மைகள்தான், கூடத்துக் கன்னோன் சிலையைத் தவிர. கருணைக்கு அதிபதியான அந்த ஜப்பான் தெய்வத்துக்கு மாமி தினமும் விளக்கேற்றுவது உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கும் ஏற்றியிருந்தார்.

நம் பழக்கம் ஒரு பொய்யான முகத்தில்தான் தொடங்கியது. நினைவிருக்கிறதா? கொம்பு வைத்த பெண்பேய் முகமூடி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். கப்பல் கம்பெனி குமாஸ்தாவுக்குப் பேய் எதற்கு என்று என் ஆட்கள் சிரித்தார்கள். ஜப்பானில் நாடகத்தில் கட்டி ஆடுகிற முகம், இருநூறு வருடப் பழசு, விரிசலை மட்டும் ஒட்டித் தரவேண்டும் என்றீர்கள். நான் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

“சார், இது மிஷின்ல கொத்துன மொகம். ஒங்கள நல்லா ஏமாத்திட்டானுவ” என்றேன்.

உங்கள் முகம் அந்தப் பேயைவிட மோசமாகப் போயிற்று. ஆனால் மறுவாரமே வந்தீர்கள், என்னையும் பழம்பொருள் கடைக்கு அழைத்துப் போக. அதற்குப் பிறகு பதினாறு வருடம், நான் பின்பக்கத்தைப் பார்க்காமல் நீங்கள் எதையும் வாங்கியதில்லை. உளி நடந்த வழி, வியர்வை ஊறிய இடம், கயிறு தேய்த்த ஓட்டை எல்லாம் நான் சொல்வேன்; எந்த நாடகம், எந்தக் காலம், எந்தப் புத்தர் என்று நீங்கள் சொல்வீர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு, உங்கள் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுப்பீர்கள். அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் மிதந்துதான் திரிந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

குர்லாவில், வெளிநாட்டுப் பழைய சாமான் கண்டெய்னர் இறக்குகிற கிடங்கில்தான் கன்னோனைப் பார்த்தோம். ஒன்றரை முழ உயரம், சாய்ந்த கழுத்து, பாதி மூடிய கண். மணிக்கட்டில் பொருத்தின இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். இது கை வேலை, பெரிய கை என்றேன். தாமரைப் பீடம் தனியாக ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தது. அன்றைக்கு அதை அவிழ்த்துப் பார்க்காமல் விட்டேன். எல்லாவற்றிலும் பின்பக்கம் பார்க்கிறவன் அதில் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கணபதி விழாவுக்கு முந்தின வாரம், அந்தப் பீடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தீர்கள். “ஆடறது அண்ணாச்சி. அடிப்பலகையைக் கொஞ்சம் சீவிக் கொடுங்கோ” என்றீர்கள். கவிழ்த்துப் பார்த்தேன். அடி முழுவதும் கரி. கோயிலில் எத்தனை வருட விளக்குப் புகையோ என்றீர்கள். புகை அடியில் எப்படிப் பிடிக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. மரத்தைப் பொறுத்தவரை நான் யார் சொல்வதையும் நம்பாதவன். உங்களை நம்பினேன். ஒன்பது இழுப்பு, பத்து இழுப்பு இருக்கும். கரி போய் வெள்ளையாக மரம் வந்தது. வாசனை பட்டறை முழுக்க நிறைந்தது.

ஒரு சுருள்கூட விடாமல் நீங்கள் குனிந்து பொறுக்கினீர்கள். என் ஆள் பெருக்க வந்தபோது தடுத்து, “சாமி உடம்பு, கால் படக்கூடாது” என்றீர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, சார். இப்படி ஒரு பக்தியா என்று வீட்டில் சொன்னேன், பட்டறையில் சொன்னேன், ஊருக்குப் போனபோது கோயில் கொடையில் பத்துப் பேர் நடுவில் சொன்னேன்.

இனி டப்பாவுக்கு அடியில் இருந்த உறையைச் சொல்கிறேன்.

உறைக்குள் ஒரு போட்டோவும் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் இருந்தன. போட்டோவில் கவிழ்த்து வைத்த பீடம். என் கை தொட்ட அதே அடிப்பலகை. அதே ஓரத்து முடிச்சு. ஆனால் அதில் கரியே இல்லை. தேன்நிறப் பலகையில் மேலிருந்து கீழாகப் பத்து வரி, கறுப்பு மையில், நேற்று எழுதினதுபோலத் தெளிவாக. எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. கடிதத்தை மாமியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

செம்பூரில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த ஓர் அம்மாள் எழுதியது. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் படித்துவிட்டாராம். ஒரு மலைக் கிராமத்தின் பேரும் அதன் கோயில் பேரும் முதல் வரியில். வெள்ளத்தில் போனவர்களுக்காக ஊரார் கூடிச் செய்துவைத்த சிலை. மற்ற வரிகள், போனவர்களின் பேர்கள். அந்த ஊருக்கே அவர் போன் போட்டு விசாரித்திருக்கிறார். சிலை திருடுபோய் இருபது வருடமாம். அது இருந்த இடத்தை இன்னும் காலியாகவே வைத்து, தினமும் காலையில் படையல் தண்ணீரை மாற்றுகிறார்களாம். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முடித்திருந்தார்.

மாமி மேலே இருந்த தேதியைப் படித்தார். அந்த வருடக் கணபதி விழாவுக்குச் சரியாக மூன்று வாரம் முன்பு.

ஒரு சீவலை எடுத்து, எச்சில் தொட்டுக் கரியைத் துடைத்தேன். அடியில் எழுத்து. பாதி எழுத்து, என் அலகு அறுத்த இடத்தோடு. அப்படியென்றால் கரியைப் பூசியதும் நீங்கள்தான். வீட்டில் உட்கார்ந்து, விளக்குப் புகை பிடித்து, விரலால் தேய்த்துத் தேய்த்து அந்தப் பேர்களை மூடிவிட்டு, அப்புறம் என்னிடம் கொண்டுவந்தீர்கள். பீடம் ஆடவே இல்லை, சார். நான் சீவியது ஒரு ஊரின் விலாசத்தை. செத்துப்போனவர்களின் பேரை. பட்டறையில் ‘மழமழவென்று வந்துவிட்டது’ என்று பெருமையாக வேறு சொன்னேன்.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நம் ஊர்ப்பக்கத்துக் கோயிலில் திருடுபோன செப்புச்சிலை வெளிநாட்டிலிருந்து திரும்புகிறது என்ற செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். “நம்ம சாமியைத் திருடிண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கானே, மனுஷனா அவன்” என்று கண்ணைத் துடைத்தீர்கள். கூடவே நானும் துடைத்தேன். கன்னோன் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அதைப் போலியாகச் சொல்லிவிட்டுப் போகிறவனைப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே அழுகிறவனை உங்களிடம்தான் பார்த்தேன். அந்தக் கண்ணீர் பொய் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

மாமிக்குச் சீவின கதை தெரியாது. அவர் டப்பாவைப் பார்த்து, இது என்ன தூள் என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டுக்காரர் கடிதத்துக்குப் பதில் போட மறந்துவிட்டார் என்ற அளவோடு அவர் மனதில் நீங்கள் நின்றிருப்பீர்கள். என் பேரும் தப்பியிருக்கும். ஆனால் அவர் தினமும் விளக்கேற்றுகிறவர். சொல்லிவிட்டேன். கரியையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. கன்னோன் பக்கம் திரும்பினார். எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. மியூசியத்து ஆள் வந்தால் இதைத் தவிர மற்றதைக் காட்டலாம் என்று மெதுவாகச் சொன்னார். “நம்மாத்துல ஒருத்தர் காணாமப் போனா வாசலையே பாத்துண்டு இருக்க மாட்டோமா? அங்கயும் யாரோ பாத்துண்டுதானே இருக்கா.”

சீவல்களை வரிசைப்படுத்தி ஒரு பலகையில் ஒட்டித் தருகிறேன், பொக்கைக் கோட்டை வைத்து எனக்கு அடையாளம் தெரியும் என்றேன். அவர் என்னைக் கோபமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஒட்டிட்டா சீவாத மாதிரி ஆயிடுமா?”

சிலையோடு சீவல்களையும் அப்படியே டப்பாவில் திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்த ஊர்க் கோயிலுக்குக் கடிதத்தை மாமி எழுதினார். யார் அழித்தது என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார். நான், என் பேரை மட்டும் போடுங்கள், கை என்னுடையது என்றேன். அவர் உங்கள் பேரை முதலில் எழுதினார், அதற்குக் கீழே என் பேரை. எழுதி முடித்து, மையை ஊதினார்.

கடிதம் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் இன்னும் இல்லை. பட்டறையில் கிச்சன் டிராலி வேலை போய்க்கொண்டிருக்கிறது; பிளைவுட்டில் எழுத்து அச்சடித்திருந்தால்கூட ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை வைக்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆறாது. நடு மத்தியானத்தில், இதைச் சாரிடம் காட்டவேண்டும் என்று இன்னமும் ஏதாவது மரத்துண்டை எடுத்து ஒதுக்கி வைக்கிறேன், அதுவும் நிற்கவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது நீங்கள் செய்தது மட்டும் இல்லை, சார். இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்குக் கரி பூசாமல், பொய் சொல்லாமல், அந்தப் பேர்களை என் கண்ணுக்கு நேரே காட்டி, ‘அண்ணாச்சி, இதை என்னால திருப்பிக் கொடுக்க முடியலை, சீவிடுங்கோ’ என்று கேட்டிருந்தால், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சீவிக் கொடுத்திருப்பேன்.