நின்றால் ஒரு முகம், உட்கார்ந்தால் ஒரு முகம்

கொட்டகலை

அன்பு மகன் மைக்கலுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையில் நானும் அம்மாவும் தங்கச்சி யூஜினாவும் நல்ல சுகம், டோஹா வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் எங்கள் செபமெல்லாம். இங்கே மழை விட்டபாடில்லை, ஆட்டோவை ஸ்டேஷன் பக்கம் போட்டாலும் ஹயருக்கு வருகிற ஆட்கள் குறைவு. போனில் பேசினால் விஷயம் பாதியில் இருக்கும்போதே உன்னை வேலைக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், யூஜினா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். விஷயம் இதுதான். தங்கச்சியின் போட்டோ வேலைக்கு மொனிட்டர் வாங்க நீ அனுப்பிய காசில் நீ சொன்ன அந்தப் பெரிய வளைந்த மொனிட்டரை நாங்கள் வாங்கவில்லை. கோபப்படாமல் முழுவதையும் படி மகன்.

தோட்டத்து மேல் டிவிஷன் சோலைமலையின் மகள் சுதர்ஷினி கந்தப்பளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் அல்லவா, அந்தக் கல்யாணத்துக்குத் தங்கச்சிதான் படம் எடுத்தாள். ஆல்பம் அச்சாகி வந்து கொடுத்த மறுவாரமே அந்தப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. படத்தில் முகமெல்லாம் மாவு பூசினதுபோல வெளுத்திருந்தது. புகுந்த வீட்டில் யாரோ பார்த்துவிட்டு, பொண்ணோட நெறம் படம் புடிச்சவங்களுக்கே புடிக்கல போல என்று சிரித்தார்களாம். "என் நெறத்துல என்ன கொறையக் கண்ட யூஜினா, கேக்காமயே மாத்திட்ட?" என்று அழுதுகொண்டே கேட்டாள். யூஜினா வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. லெப்டொப்பை மூடி வைத்துவிட்டு, இனி இந்த வேலை வேண்டாம், கொழும்பில் கார்மெண்ட்ஸ் தையல் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் படத்தை லெப்டொப்பில் ஒருமுறை காட்டு என்று நான்தான் விடாமல் கேட்டேன். அவள் எப்போதும்போல முக்காலியில் உட்கார்ந்தாள், நான் பின்னால் தேத்தண்ணியோடு நின்றேன். வெளுத்துத்தானே இருக்கிறது என்று நான் சொன்னேன், இல்லை கறுப்பாகத்தான் தெரிகிறது, அதனால்தான் வெளிச்சத்தைக் கூட்டினேன் என்று அவள் சொன்னாள். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டையே வந்துவிட்டது. கடைசியில் "அப்பா, நீங்க இங்க ஒக்காருங்க" என்று எழும்பி நின்றாள். நான் உட்கார்ந்தேன், படம் கறுத்துப்போனது! எழும்பினேன், வெளுத்தது. உட்கார்ந்து எழும்பி உட்கார்ந்து எழும்பி, அம்மா குசினியிலிருந்து வந்து எங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டாள். ஒரே படம் ஆள் இருக்கிற உயரத்துக்கு ஏற்ற மாதிரி முகத்தை மாற்றிக்கொள்ளும் என்று எனக்கு இத்தனை வயதில் தெரியாது. கீழேயிருந்து கறுப்பாகத் தெரிந்ததை இவள் ஏற்றி ஏற்றி விட்டிருக்கிறாள்.

அதன் பிறகுதான் மொனிட்டர் வாங்கக் கண்டிக்குப் போனோம். யூஜினா சுதர்ஷினியிடம் போய் நடந்ததைச் சொல்லி, நீயும் வா, உன் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குகிறேன் என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை கோபம் தீராமலே வந்தது. கடையில் ஷிராணி என்று ஒரு சிங்களப் பிள்ளை, நல்லாத் தமிழ் பேசுகிறாள். நீ சொன்ன வளைந்த மொனிட்டரைக் கேட்டதும், "அங்கிள், அது கேம் வெளையாடுற ஆக்களுக்கு. படம் வேகமா ஓடும். ஒங்கட போட்டோ ஓடாதுதானே?" என்று சிரித்தாள். அதில் கல்யாணப் படத்தைப் போட்டதும் கூறைச் சேலை நெருப்பாக எரிந்தது, பார்க்க அழகுதான், ஆனால் சேலை அந்த நிறமில்லை. பிறகு சின்னதாக ஒன்றைப் போட்டாள், ஐ.பி.எஸ். என்கிற வகையாம், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாதாம். நான் அங்கேயும் குனிந்து நிமிர்ந்து பார்த்தேன், மாறவில்லை. வேகத்துக்கும் வளைவுக்கும் காசு கொடுக்க வேண்டாம், பெட்டியில் எஸ்.ஆர்.ஜி.பி. என்று போட்டிருக்கும் நிற அளவு நூற்றுக்கு நூறுக்குக் கிட்ட இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றாள். கடை லைட்டில் நிறம் சரியாகத் தெரியாது என்று மொனிட்டரை வாசல் வெளிச்சத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். யூஜினா கைவைக்காத படத்தைத் திறந்தாள், சுதர்ஷினி பக்கத்தில் வந்து நின்றாள். கடைக்கு வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். சுதர்ஷினி படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "இது நான்தான்" என்றாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. அதையே வாங்கி, வீட்டுக்கு வந்து படத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினால் முதல் அச்சு இருட்டடித்து வந்தது. புது மொனிட்டரின் வெளிச்சம் முழுதாக இருந்ததாம், அச்சுக் கடைக்காரர் சொல்லித்தான் அதைப் பாதிக்குமேல் குறைத்து, அச்சையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தாள். மிச்சக் காசில் முழு ஆல்பத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்தோம். பெரிய மொனிட்டர் வாங்கியிருந்தால் அதற்கு வழியிருந்திருக்காது, நீயே சொல், நாங்கள் செய்தது பிழையா? சுதர்ஷினி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள், கடைசிப் பக்கம் வந்ததும் உன் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். போகும்போது, "எங்க நாத்தனா கல்யாணத்துக்கும் நீதான் வரணும் யூஜினா, அவ என்னவிட கறுப்பு, அப்படியே எடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தங்கச்சி இப்போது கொழும்புப் பேச்சே எடுப்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. வீடியோவில் நீ ஒருநாள் கறுத்தும் ஒருநாள் மஞ்சளித்தும் தெரிகிறாய், உன் உடம்பு உண்மையில் எப்படி இருக்கிறது என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியவில்லை. காலை வெளிச்சத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு மகன், எதையும் திருத்தாமல் அனுப்பு. தங்கச்சியின் புது மொனிட்டரில் போட்டு நாங்கள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். மறந்துவிடாதே. ஆண்டவர் உன் கூடவே இருந்து காப்பாற்றுவார்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா பத்திநாதன்