வளையத்துக்குள் இருந்த பித்தளைத் தகடு

மச்சான்,

மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு இன்று காலை ஹட்டனில் வெயில் எட்டிப் பார்த்தது. கமராப் பையைக் கவிழ்த்து, பூஞ்சண வாசம் போகட்டும் என்று ஸ்டூடியோ வாசலில் காயப்போட்டேன். பைக்குள்ளிருந்து ஒரு பழைய பிலிம் டப்பா உருண்டு விழுந்தது. உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். தாளைவிடக் கொஞ்சம் தடிப்பான, வட்டமாக வெட்டி நடுவே பெரிய ஓட்டை போட்ட பித்தளைத் தகடு. நீ வெட்டியது. நான் ஒளித்து வைத்தது.

அந்த ஜெர்மன் லென்ஸ் எனக்குக் கிடைத்தபோது உன்னிடம்தான் முதலில் காட்டினேன். பிலிம் காலத்து லென்ஸ். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துத் தரும். ஆனால் என் டிஜிட்டல் கமராவில் அது பொருந்தாது. நீ தேயிலை பெக்டரியில் பிட்டர். லென்ஸின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு வளையம் செஞ்சா போட்டுறலாம் மச்சான்" என்றாய். மூன்று வாரம், பகல் சாப்பாட்டு நேரமெல்லாம் லேத் மெஷினில் நின்றாய். வளையத்தை மாட்டி, லென்ஸைக் கடைசிவரை திருப்பிப் பார்த்தோம். தூரம் தெளியவில்லை. நீ சளைக்கவில்லை. ஒரு தகட்டை வெட்டி உள்ளே வைத்து முடுக்கினாய். எதிர்மலையில் கொழுந்தெடுக்கிற பெண்களின் கூடைக்கயிறு வரை தெரிந்தது.

"வளையத்துல இருக்கிற இந்த நாலு ஸ்குருவையும் கழட்டிறாத. உள்ள இருக்கிற தகட்டுலதான் எல்லாமே நிக்குது" என்றாய். நான் தலையாட்டினேன்.

நீ பிறந்த லயத்தை, தோட்டத்து ஆட்களின் அந்த நீள வரிசை வீட்டை, இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது அதற்கப்புறம்தான். ரோட்டுக்குக் கீழே புது வீடுகள் கட்டி முடிந்திருந்தன. போவதற்கு முன்னால் ஒரு குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த இருபது காம்பராவின் ஆட்களும் அவரவர் வாசலில் நிற்க, ஒரே படமாக எடுக்க வேண்டும் என்று உன் தங்கச்சிக்கு ஆசை. அத்தனை நீள லயமும் கோணாமல் விழ வேண்டுமென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு அந்த லென்ஸ்தான் சரி. நீ பெருமையோடு என் பெயரைச் சொன்னாய்.

படம் எடுப்பதற்கு முதல் நாள் லென்ஸின் பின்கண்ணாடியில் பூஞ்சணம் கோடு இழுத்திருப்பதைப் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். இவ்வளவுதானே என்று நானே நான்கு ஸ்குருவையும் கழற்றித் துடைத்து, திரும்ப முடுக்கினேன். சோதித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்தி நின்றார்கள். நீ வெள்ளைச் சட்டை போட்டு, உங்கள் காம்பரா வாசலில், தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றாய். மேட்டில் எனக்கு வெயில் கூசியது. கமராவின் திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வழக்கம்போல லென்ஸைக் கடைசிவரை திருப்பிவிட்டு நாற்பது படம் அடித்தேன். பிறகு மிஸ்ட் இறங்கி லயத்தை மூடிவிட்டது.

பின்னேரம் ஸ்டூடியோவுக்கு நீ வந்தாய். தங்கச்சியும் தோட்டத்துத் தலைவரும் கூட வந்தார்கள். கம்பியூட்டரில் படத்தைத் திறந்தேன். நாற்பதிலும் ஒரு முகம்கூடத் தெளிவாக இல்லை. சேலைகளின் நிறம் மட்டும் ஈரத் துணியில் சாயம் ஊறின மாதிரி இருந்தது.

"என்னாங்க இது?" என்றார் தலைவர்.

இருபது வருசமாக இந்த ஊரில் படம் பிடிக்கிறவன் நான். "வளையத்துல பிழைங்க. இவரு செஞ்ச அளவு சரியில்ல" என்றேன், உன்னைக் காட்டி.

நீ திரையையே பார்த்துக்கொண்டு நின்றாய். "என் கையிலதான் எங்கயோ தப்பியிருக்கு" என்று தலைவரிடம் நீயே சொன்னாய்.

நீங்கள் போனபின் மேசையை ஒதுக்கினேன். முதல் நாள் லென்ஸைத் துடைத்த துணியை உதறியபோது தகடு கீழே விழுந்தது. விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. எடுத்துப் பிலிம் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

அதையாவது மன்னிக்கலாம் மச்சான், பதற்றத்தில் சொன்ன பொய் என்று. மறுநாள் விடியக்காலையில் செய்ததற்கு என்னிடம் சமாதானமே இல்லை. ஆறு மணிக்கு நீ ஸ்டூடியோக் கதவைத் தட்டினாய். சப்பாத்தெல்லாம் சேறு. நடந்தே வந்திருந்தாய்.

"லயத்த இடிக்கிற பெக்கோ மெஷின் ஒம்போது மணிக்குத்தான் வருதாம். எல்லாரையும் திரும்ப நிக்கச் சொல்லியிருக்கேன். வளையத்தக் குடு, என்னான்னு பார்த்துடுறேன்."

மூன்று மணி நேரம் இருந்தது. தகட்டை வைத்து முடுக்கப் பத்து நிமிசம் போதும். ஆனால் நீ திறந்தால் தகடு இல்லாததைப் பார்ப்பாய். "அந்த வளையம் சரிவராது மச்சான். பிரயோசனமில்ல, விடு" என்றேன். "சரி, அவங்கள்ட்ட போய்ச் சொல்லிடுறேன்" என்று நீ திரும்பி நடந்தாய். ஒன்பது மணிக்கு பெக்கோ வந்தது.

அதற்குப் பிறகு நீ வளையம் செய்யவில்லை. ராகலையிலிருந்து ஒரு வாத்தியார் தன் அப்பாவின் லென்ஸைக் கொண்டுவந்தபோது உன்னிடம் அனுப்பினேன். "என் அளவு சரிவராதுங்க சேர், வேற ஆளப் பாருங்க" என்று நீ சொன்னதாக அவர் வந்து சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. உன் உயிரைக் கொண்டுபோன நெஞ்சு வலி திடீரென்று வந்தது என்பார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வருசம் கிடைத்திருந்தது. உன் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம்தான் உன் தங்கச்சியின் புது வீட்டுக்குப் போனேன். அவள் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேத்தலை அப்படியே கீழே வைத்தாள்.

"அண்ணன் கடேசி வரைக்கும் எத அளந்தாலும் என்னையக் கூப்புடுவாரு. 'எனக்குக் கண்ணு சரியில்ல, நீ ஒருக்காப் பாரு'ன்னு. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்திச்சு."

நான் எழுந்தேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. வாசல்வரை வந்தவள், "என்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது அண்ணே. அன்னைக்கு வந்து நின்ன எல்லாருகிட்டயும் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போய்க்கொண்டிருக்கிறேன் மச்சான், ஞாயிற்றுக்கிழமைகளில். இதுவரை பதின்மூன்று வீடு. தலைவர் என்னை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று சொன்னேன். ஒரு பெண், அந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டிய தன் புருசன் இப்போது இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சிலர் "போனதப் பேசி என்ன" என்று தேத்தண்ணி கொடுத்தார்கள். அதுதான் குடிக்கக் கஷ்டமாக இருந்தது. எல்லா வீட்டிலும் முதலில் உன் பெயரைச் சொல்கிறேன். அவன் அளவு சரி, பிழை என்னுடையது என்கிறேன்.

யாரும் லென்ஸைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள்.

"இது அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் படி இறங்குகிறேன்.