எட்டு மூட்டை மரத்தூள்

நவம்பர் 10, திங்கள்

காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை. பண்டமாரான் சாலையில் முட்டி வரை தண்ணீர். மோட்டார் சைக்கிள் இரண்டு முறை நின்றது. வாங்க வேண்டியது: பிரேக் கயிறு, சர்க்கரை மாத்திரை, மனைவி சாந்தி சொன்ன தேங்காய்.

எனக்குப் பதவி உயர்வு. சிரிக்காமல்தான் எழுதுகிறேன். கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தவன், வரும் வெள்ளி ஒரு நாள் மட்டும் உற்பத்தி சூப்பர்வைசர்.

எங்கள் கிடங்கில் எதுவும் உற்பத்தி ஆவதில்லை. சீனாவிலிருந்து கிச்சன் கேபினட் முழுதாகச் செய்து வரும். பழைய பெட்டியைக் கிழித்து, புதுப் பெட்டியில் போட்டு, 'மலேசியாவில் செய்தது' என்று ஒட்டி அமெரிக்காவுக்கு ஏற்றுவோம். அங்கே சீனச் சரக்குக்கு வரி ஏறிய ஏற்றத்தில், நம் ஊர்ப் பெயர் ஒட்டினால் லாபம். நாலு மாதமாக இதே வேலை. நானும் ஒட்டினேன். அழகாகவே ஒட்டினேன், ஒரு சுருக்கம் இருக்காது.

இப்போது மலேசியச் சரக்கு என்று சான்றிதழ் கொடுக்குமுன் அரசாங்க அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். இங்கே நிஜமாகவே செய்கிறோமா என்று.

மேனேஜர் சிவா, முப்பது வயது, நல்ல பையன்தான்: "அங்கிள், நீங்கதான் முன்னாடி பர்னிச்சர் பேக்டரியில இருந்தவங்க. சும்மா நடந்து காட்டுங்க. ஒரு பாரத்துல சைன் போடுங்க. முடிஞ்சிச்சி லா."

"என்னத்துக்கு சைன்?"

"இங்க செய்ற வேலைய நீங்கதான் பாத்துக்குறீங்கன்னு."

பாரத்தை, ஒரே ஒரு தாள் படிவம்தான், மடித்துப் பையில் வைத்தேன். தேங்காய் மறந்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மேகமூட்டம். வலது முட்டி வலி.

வீட்டில் சொன்னேன். சாந்தி: "வீட்டு நாற்காலிக்கு ஒரு கால் ஒட்டித் தர மூணு வருசமா ஆள் இல்ல. இதுல சூப்பர்வைசராம்."

மகள் கவிதா சிரிக்கவில்லை. பாரத்தை இரண்டு முறை படித்து, கையெழுத்து இடத்தில் விரல் வைத்தாள். "அப்பா, நாளைக்கு மாட்டிக்கிட்டா முதலாளி பேரு இதுல எங்கயும் இல்ல. ஒங்க பேரு மட்டும்தான்."

அது எனக்கும் தெரியும். ஐம்பத்தாறு வயதில், மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டவனுக்கு இன்னொரு வேலை யார் தருவது என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு தோசை தின்றேன். நாலு.

நவம்பர் 12, புதன்

சிவா இரண்டு ரம்ப மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறான். பளபளவென்று, தரை கண்ணாடி மாதிரி. "எப்படி அங்கிள்?" என்றான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மரத்தூள் இல்லாத பட்டறை எங்க இருக்கு தம்பி? உள்ள வந்ததும் தும்மல் வரணும்."

சிவா தலையில் கைவைத்தான். "ஐயோ, ஆமா! எங்க கெடைக்கும்?"

என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும். பட்டியலில் சேர்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

காலையிலேயே தூறல். கம்பெனி லோரியில் மேரு என்கிற ஊருக்குப் போனேன். சாந்தியின் தம்பி குணா அங்கே கேபினட் தொழிற்சாலையில் போர்மன். நிஜத் தொழிற்சாலை. ரப்பர் மரத்தை அறுத்து, ஒட்டி, இழைத்து அங்கேயே செய்கிறார்கள். வாசலில் நின்றாலே அந்தப் புளித்த வாசம். பத்தொன்பது வருடம் அதே மாதிரி இடத்தில் இருந்தவன் நான். மூக்கு அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றது.

மரத்தூள் எதற்கு என்று குணா கேட்டான். பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப எங்க தூள எங்களுக்கே ஆப்பு வைக்க எடுத்துட்டுப் போற."

"அப்படியில்ல மச்சான்..."

"வேற எப்படி? எங்க கேபினட்டுக்கும் அமெரிக்காவுல இப்ப வரி. அதுக்கு மேல ஒவ்வொரு பலகையும் எங்கேருந்து வந்திச்சின்னு பேப்பர் கேக்குறான். ஏன் தெரியுமா? ஸ்டிக்கர் ஒட்டுற ஆளுங்க இருக்காங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிபோச்சி. ஓவர்டைம் போச்சி. அடுத்த மாசம் ஒரு லைன மூடப்போறாங்க. பதினாலு பேரு."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார் அறுந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

கடைசியில் கொடுத்தான். எட்டு மூட்டை. "அக்கா புருசனாப் போயிட்ட. திங்கக்கெழம திருப்பிக் கொண்டாந்துரு, கோழிப் பண்ணக்காரன் வந்து கேப்பான்."

சாயங்காலம் தூளைத் தூவினோம். கோலம் போடுகிற மாதிரி, கையால். மெஷின் அடியில் கூடுதலாக. நல்லாவே இருந்தது, என்ன செய்ய.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். புதுச் சட்டை. சாந்தி விபூதி பூசிவிட்டாள். எதற்கென்று சாமிக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

பாரத்தில் இன்னும் கையெழுத்து இல்லை. சிவா இரண்டு முறை கேட்டான். ஒரு முறை பேனா எழுதவில்லை என்றேன், ஒரு முறை கக்கூஸ் போனேன்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். ஒல்லி, பேச்சு குறைவு. மெஷினைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பிடி தூளை அள்ளினார், முகர்ந்தார். நேராக என்னிடம் வந்து, "பாக்சிக், இது என்ன மரம்?" என்று மலாயில், அங்கிள் முறை வைத்துக் கேட்டார்.

மரம் தெரியுமா என்று என்னிடம் கேட்டு வருடக்கணக்காகிறது. "ரப்பர் மரம், புவான். நல்லாக் காயாதது. இன்னும் ரெண்டு நாள் சூளையில இருந்திருக்கணும்." சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது, வெட்கமில்லாமல்.

அவர் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கேபினட் கதவை எடுத்தார். சாவியால் ஓரத்தைச் சுரண்டினார். அடுக்கு அடுக்காக வெளுத்த ஒட்டுப்பலகை.

"இதுவும் அதே மரமா?"

சிவா என்னைப் பார்த்தான். பாவம், அவனுக்கு வேர்த்துவிட்டது. முதல் பதில் என் வாய்க்கொழுப்பு. இரண்டாவதற்கு யோசிக்க நேரம் இருந்தது. மின்விசிறி ஒரு சுற்று சுற்றி வருகிற நேரம். பதினாலு பேர் ஞாபகம். கவிதாவின் விரல் அந்தப் பாரத்தில் காட்டிய இடம்.

"இல்ல, புவான். இந்த மரம் இங்க அறுக்கல."

பாரத்தைக் கையெழுத்துப் போடாமலே நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, தன் கோப்பில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு தும்மல் போட்டார். அது மட்டும் நான் திட்டமிட்டபடி.

நவம்பர் 15, சனி

மழை. சிவாவிடமிருந்து செய்தி: "அங்கிள், திங்கள்லேருந்து வரவேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு. எம்மேல கோவம் வேணாம்." கீழே இன்னொன்று: "தூள அள்ளிட்டேன்."

சாந்தி சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். மத்தியானம் நண்டு சமைத்தாள். பண்டிகைக்குத்தான் சமைப்பாள். கேட்கப் பயம், தின்றேன்.

மூன்று கால் நாற்காலியைக் கவிழ்த்து அளந்தேன். வேண்டியது: ரப்பர் மரக் கட்டை ஒன்று, பசை, கிளாம்பு.

நவம்பர் 16, ஞாயிறு

குணா போன் செய்தான். செய்தி அவனுக்கு எப்படியோ போய்விட்டது, சாந்தியாகத்தான் இருக்கும்.

"மச்சான், தூளு?"

"நாளைக்குக் கொண்டாரேன். சொன்னா சொன்னபடி."

அவன் பின்னால் மெஷின் சத்தம். ஓவர்டைம் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறான்.

"இங்க பலக பலகையா எழுதி வைக்க ஆள் வேணும். எந்த மரம், எங்கேருந்து வந்திச்சின்னு. முதலாளிகிட்ட ஒன்னப் பத்திச் சொல்லியிருக்கேன். எடுப்பாரான்னு தெரியாது. சூப்பர்வைசர் எல்லாம் கெடையாது."

"வேணாம் சாமி, அந்தப் பதவி."

நவம்பர் 17, திங்கள்

வெயில். குணா அனுப்பிய லோரி. கிடங்கு வாசலில் சிவா தானே ஏற்றிவிட்டான், எண்ணிச் சொன்னான், எட்டு சரி. முன் சீட்டில் நான், குணாவின் முதலாளியைப் பார்க்கப் புதுச் சட்டையோடு. சட்டையெல்லாம் தூள்.