கேள்வி கேட்காது

ஒக்ரோபர் 14, செவ்வாய்

விடியவே மழை. பரந்தனில் பஸ் பழுது. செருப்பு அறுந்து, நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தேன்.

செய்ய: செருப்பு. ஸ்கான் அறைக்கு வயர். ஜெசிந்தா கேட்ட மனுவல் பக்கம் (பிறகு).

பட்டறைக்குள் காலை வைத்ததுமே ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள். செயற்கைக் கால் செய்ய வருகிறவர்களின் அளவை ஸ்கான் எடுப்பது அவள் வேலை. கணினிகள் என் பொறுப்பு. எடுத்த ஸ்கான்களைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்ற நான் ஒரு கட்டளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுதான் வழக்கு.

"அக்கா, முழு விளக்கம் பாக்க man எண்டு அடிச்சா ஒண்டுமே இல்லை எண்டு சொல்லுது."

"--help அடியும், சுருக்கம் வரும். அது காணும்."

"அது ஒவ்வொண்டுக்கும் ஒரு வரிதானே சொல்லுது. போட்டா என்ன நடக்கும், எப்ப போடக்கூடாது எண்டு இல்லையே."

"உமக்கென்ன, சோதினையே எழுதப்போறீர்?"

சிரித்தாள். பனடோல் பெட்டிக்குள் இருக்கிற தாளையும் முழுக்க வாசிக்கிற ஆள். முல்லைத்தீவில் அவள் அப்பா கடலுக்குப் போக முன் இஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாராம், அந்தப் பழக்கமாம். நீளமாக எழுதினால் யார் வாசிக்கப்போகிறார்கள் என்றேன். "நான் வாசிப்பன்" என்றாள். விட்டுவிட்டேன்.

மத்தியானம், சோறு வாயில் இருக்க, தர்மபுரத்திலிருந்து முருகையாவின் போன் கோல். அவருடைய பழைய செயற்கைக் கால் வெடித்து, உரசி, மிச்சக் காலில் புண்ணும் வீக்கமும். நல்ல காலம், வீங்க முன்னமே ஸ்கான் எடுத்தாயிற்று. வீக்கம் வற்றுவதற்குள் புதுக்கால் இங்கே தயாராகிவிடும். குத்தகை வயல். இந்த மழையோடு காலபோகத்துக்கு விதைக்காவிட்டால் வயல்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று பயப்படுகிறார்.

"எல்லாம் சரிதானுங்களாம்மா?"

"ஓம், அளவெல்லாம் கிடக்கு. மாசக் கடைசியில வாங்கோ."

"அப்ப இன்னொன்னு..."

"பிறகு எடுங்கோ ஐயா." வைத்துவிட்டேன். சோறு ஆறிப்போச்சு.

ஒக்ரோபர் 16, வியாழன்

வவுனியாவுக்குப் போனேன், வயர் வாங்க. செருப்பும் வாங்கினேன். மண்ணிறம், கொஞ்சம் பெரிது.

திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டி ஜெசிந்தா கோல். அழுகிறாள், பேச்சு விளங்கவில்லை.

நடந்தது இது. மழையில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. பெரிய டிஸ்க் எழும்பவில்லை, அது அவளுக்குத் தெரியாது. ஸ்கான் மெஷினில் இடம் இல்லை, வெளியே சனம் காத்திருக்கிறது. கட்டளையை -y போட்டு ஓட்டியிருக்கிறாள். நகல் ஒன்றும் போய்ச் சேரவில்லை. மெஷினில் இருந்தவை அழிந்துவிட்டன.

"அக்கா, --help பாத்துத்தான் அடிச்சனான். -y போட்டா கேள்வி கேட்காது எண்டுதானே கிடக்கு. ஆக்கள் நிக்கினம், கெதியா முடியட்டும் எண்டு..."

ஓம். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். "-y : கேள்வி கேட்காது." அவ்வளவுதான்.

என்ன கேள்விகள் என்று எழுதவில்லை. பெரிய டிஸ்க் வேலை செய்கிறதா? நகல் முழுதாகச் சேர்ந்ததா? பழையதை அழிக்கட்டா? -y போட்டால் மூன்றுக்கும் அதுவே ஓம் சொல்லிவிடும். எனக்கு அது நல்லாய்த் தெரியும். எழுத இரண்டு வரி போதும். பஞ்சி, வெறும் சோம்பல்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

பொறுப்பாளர் சேர் ஜெசிந்தாவை எல்லாருக்கும் முன்னால் ஏசினார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்ச் சொன்னேன்: "சேர், என்ர பிழை. விளக்கம் நான் எழுதேல்லை."

"விளங்காட்டி அவ கேட்டிருக்கலாம்தானே?"

கேட்டவள், சேர். செவ்வாய்க்கிழமையும் கேட்டவள். இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. சீ.

மெஷினின் டிஸ்க்கை மீட்கவென்று வவுனியாக் கடைக்கு அனுப்பியாயிற்று. குடை பஸ்ஸில் போச்சு.

ஒக்ரோபர் 20, திங்கள்

வெயில். தீபாவளி. பட்டறையில் பாதிப் பேர் இல்லை. பக்கத்து வீட்டார் தந்த முறுக்கில் உப்புக் கூடிப்போச்சு.

வவுனியாவிலிருந்து டிஸ்க் வந்தது. கன பேரின் ஸ்கான் மீண்டுவிட்டது. மீளாதவர்களில் பலர் திரும்ப வந்து அளவு கொடுக்கலாம், பஸ் அலைச்சல்தான். முருகையாவின் கோப்பு திறக்கவில்லை. பேர் மட்டும் இருக்கிறது, உள்ளே வெறுமை. அவருக்குத் திரும்ப எடுக்கவும் ஏலாது. வீங்கிய காலில் அளவு எடுத்தால் புதுக்கால் பொருந்தாது. வீக்கம் வற்றிய பிறகுதான் எடுத்து, அதன் பிறகுதான் செய்து... விதைப்பு முடிந்துவிடும்.

ஜெசிந்தா என்னோடு கதைக்கிறாள். "அக்கா தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ" என்று வழமை போலத்தான் கேட்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. கோபித்தால் எவ்வளவோ நல்லது.

வீட்டுக்கு வந்து மனுவல் பக்கம் எழுதத் தொடங்கினேன். -y பற்றி மட்டும் ஒரு பந்தி. அழுகையாக வந்தது. முகம் கழுவிவிட்டுத் திரும்ப எழுதினேன்.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

மழை இல்லை. ஆனால் மூடிக்கொண்டு நிற்கிறது.

மற்றவர்கள் மனுவல் பக்கத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க, ஸ்கான் மெஷினின் கட்டளைக்கு man அடித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தரம். இதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் --help தான். நீளமான பக்கம். கடைசிக்குக் கிட்ட ஒரு பந்தி: ஆளிடம் நேரே அளவு எடுக்க முடியாவிட்டால், அவர் போட்டிருந்த பழைய காலில் மிச்சக் கால் உள்ளே போகிற கிண்ணத்தை உட்பக்கமாக ஸ்கான் எடுக்கலாம். வெடித்திருந்தாலும் பரவாயில்லை, சேர்த்துக் கட்டிவிட்டு எடுக்கலாம். --help இல் இதைப் பற்றி மூச்சே இல்லை.

ஓடினேன். செருப்புக் கழன்றது. "ஜெசிந்தா! பழைய கால்! முருகையாவின்ர பழைய கால் இருந்தாலே காணும்!"

திரையில் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள், முழுக்க, தன் வழக்கப்படி. பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "மாதாவே! அக்கா, உடன எடுத்துச் சொல்லுங்கோ. நான் மெஷினைப் போடுறன்."

கோல் எடுத்தேன்.

"ஐயா, எடுத்த அளவு அழிஞ்சு போச்சு, உங்கட பழைய காலைக் கொண்டு வாங்கோ. அது காணும், அதில அளவெடுத்து விதைப்புக்குள்ள செய்து தரலாம்."

"பழைய காலா? அதை எரிச்சிட்டோமேம்மா."

"எரிச்சிட்டீங்களோ? எப்ப?"

"நீங்க சொன்ன அன்னிக்கேதான். ஒடஞ்ச சாமான் வீட்ல கெடந்தா நல்லதில்லன்னு சம்சாரம் சொல்லிக்கிட்டே இருந்திச்சு. பழசை என்னா செய்யிறதுன்னு ஒங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன். நீங்க போனை வச்சிட்டீங்க. அளவெல்லாம் இருக்குன்னு சொன்னீங்கதானே, அப்பறம் அது எதுக்குன்னு..."

என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவர்தான் என்னை ஆறுதல்படுத்தினார். "பரவால்லம்மா, பரவால்லம்மா."

வைத்தேன். ஸ்கான் அறையில் மெஷின் சூடாகிற சத்தம். ஜெசிந்தா மேசையைத் துடைத்துவிட்டு, சேர்த்துக் கட்டுகிற நாடாவையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

"எப்ப கொண்டு வாறாராம், அக்கா?"