மடித்தபடி கிடக்கும் பெல்ட்டுகள்

பொகவந்தலாவை,
ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் துப்புரவு செய்யும் விமானக் கம்பெனி நிலைக்குமா, வேலைக்குக் கூப்பிடும் போட்டிக் கம்பெனிக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். வர்த்தகம் படித்தவன் என்று இரண்டின் அறிக்கைகளையும் வாசித்தேன். கொரோனாவுக்குப் பிறகு இரண்டுமே எழுந்துவிட்டனவாம்.

ஆனால் நீங்கள் போனில் சொன்னதுதான் உண்மை. "நேத்து நான் மடிச்சு வெச்ச பெல்ட்டு பாதி சீட்டுல அப்புடியே கெடக்குடா. அந்தப் போட்டிக் கம்பெனி பிளைட்ட கூட்டுறவ சொல்றா, கடைசி சீட்டு வரைக்கும் பிஸ்கட் தூளாம்."

கோட்டுப் போட்டவர்கள் நாற்பது பக்க அறிக்கையில் மறைத்த காலிச் சீட்டுகளை நீங்கள் கூட்டும்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள். பெருமையாக இருக்கிறது அக்கா.

கொரோனாவில் உங்கள் கம்பெனிக்காரர்கள் முதலில் வீட்டுக்கு அனுப்பியது உங்களைத்தான். இரண்டு வருடம் இங்கே தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டுத் தலை நிமிர்ந்து திரும்பிப் போனீர்கள். இந்த முறை அவர்கள் அனுப்பும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே முதலில் அந்தப் போட்டிக் கம்பெனிக்குக் கிளம்புங்கள்.

உங்கள் தம்பி