பெண்கள் பக்கம், பார்ப்பவர் ஒருவர்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து மழை, விட்டு விட்டு. முந்தாநாள் துவைத்த துணி இன்னும் கொடியில் ஈரமாக.

இன்றைக்கு:
ஐபோனில் படம் தானாக முழுத்திரைக்குப் போவது.
பிளவுஸ் கை இறுக்கம், தையல்காரக்காவிடம் சொல்ல.
மண்டபத்தில் நெட் எப்படி என்று சாச்சாவிடம் கேட்க.
வாப்பாவுக்குப் போன்.

பதினாறாம் தேதி ஞாயிறு என் கல்யாணம். வாப்பா ஷார்ஜாவில். பழைய கம்பெனி மூடி, புதுக் கம்பெனிக்கு விசா மாறுகிற நேரம். இப்போது ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியாது. அங்கே வீடியோ காலுக்குத் தடை, சரியாக ஓடாது. சாதாரண போனில் குரல் மட்டும். அதனால் என் ஆப்.

என் ஆப் என்று எழுதிக்கொள்வதில் ஒரு பெருமை. உண்மையில் செல்வம் அண்ணாச்சியுடையது. பாளையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கல்யாணத்தை நேரலையாகக் காட்ட ஒன்று வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஆன்ட்ராய்டு, ஐபோன், லேப்டாப் பிரவுசர், மூன்றிலும் ஓட வேண்டும். நானும் இசக்கியம்மாளும் மாசக்கணக்காக அதிலேயே கிடக்கிறோம். முதல் சோதனைக் கல்யாணம் என்னுடையது. "ஒங்க கல்யாணம்னா ஒழுங்கா செய்வீங்கல்லா" என்றார் அண்ணாச்சி. சிரிக்காமல்தான் சொன்னார்.

ஒரே நிரல், மூன்று இடத்திலும் ஓடும் என்பது சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்து, கலர், பட்டன் எல்லாம் ஒன்றுபோல் வந்துவிட்டன. படம் ஓடுகிற அந்தச் செவ்வகம் மட்டும் போனுக்குப் போன் ஒரு குணம். ஆன்ட்ராய்டில் சாது. பிரவுசரில் ஊமை. ஐபோனில் தொட்டதும் முழுத்திரையாகி, நான் வைத்த பட்டன் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. வாப்பா பார்க்கப்போவது ஐபோனில்தான். வாப்பாவின் போன் திரை உடைந்துவிட்டது, அறையில் கூட இருக்கிற மலையாளி ஷாஜி தன்னுடையதைத் தருகிறார்.

மாலை. ஐபோன் சரியானது. 'இருக்கிற இடத்திலேயே ஓடு' என்று சொல்லும் ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தேன். ஒரு வரிக்கு ஒரு பகல் போயிற்று. பிளவுஸ் சரியாகவில்லை.

நவம்பர் 8, சனி

மழை இல்லை, வெயிலும் இல்லை. புழுக்கம்.

வாப்பாவுக்குச் சோதனை ஒளிபரப்பு. என் போனை மேசையில் சாய்த்து வைத்து, தெரிகிறதா, கேட்கிறதா என்று பார்த்தோம். தெரிந்தது. சத்தம் வர ஒரு தடவை திரையைத் தொட வேண்டும். தொடாமல் சத்தத்தோடு தானாக ஓட விடமாட்டேன் என்கிறது ஐபோன். அதன் சட்டம் அப்படி. 'சத்தத்துக்குத் தொடவும்' என்று பெரிதாக எழுதி வைத்தேன்.

பிறகு உம்மா கூப்பிட்டாள். போன் மேசையில் மல்லாந்து விழுந்தது தெரியாமல் போய்விட்டேன். பட்டுச்சேலை மடிப்பு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற பலகாரம், ஒரே சத்தம். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் ஒளிபரப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர்: ஒருவர்.

போன் போட்டேன். "வாப்பா, இன்னும் பார்த்துக்கிட்டா இருக்கீங்க?"

"ஃபேன் சுத்துதுல்லா, அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு எறக்கை ஆடுதும்மா. சாச்சாட்ட சொல்லி முடுக்கச் சொல்லு."

லீவு நாள் காலை முழுக்க என் அறை ஃபேனைப் பார்த்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் வேலையே ஓடவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவருக்கு, அதாவது மாப்பிள்ளைக்கு, கத்தாரில் வேலை, டிசம்பரில் லீவு முடிகிறது. அதை விட்டால் இரண்டு வருஷம். வாப்பாவிடம் கேட்டதற்கு "நீங்கள்லாம் பாத்துச் செய்யுங்க" என்றார்கள். அது சம்மதமா, விட்டுக்கொடுத்ததா? 'வாப்பா வரட்டும்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லவில்லை. எனக்கும் அவசரம்.

நவம்பர் 10, திங்கள்

ஆபீஸ். வண்ணார்பேட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கமே நெரிசல். ஆறு கலங்கிப் போகிறது.

இங்கே நடப்பது ஷார்ஜாவில் அரை நிமிஷம் கழித்துத் தெரிகிறது. படத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புகிறது. துண்டைச் சின்னதாக்கினால் சீக்கிரம் போய்ச் சேரும், ஆனால் நெட் தடுமாறினால் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். சின்னதாக்கினேன். பயம்தான். ஆனாலும் சின்னதாக்கினேன். வாப்பாவைப் போனில் வைத்துக்கொண்டு கேமரா முன்னால் கை தட்டினேன். "இப்ப தெரியுதா வாப்பா" என்று கேட்டு வாய் மூடவில்லை, "தெரியுது, தெரியுது" என்றார்கள். போதும்.

இ.யோடு (இசக்கியம்மாள்) சண்டை. நிறுத்தும் பட்டன்.

"ஏட்டி, லைவ்ல எதுக்குட்டி நிறுத்துத பட்டன்? நிறுத்திட்டு மறுபடி போட்டா விட்ட எடத்துல இருந்துல்லா ஓடும். ஊரே பிரியாணி சாப்பிடும்போது அவங்க நிக்காஹ் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

சரிதான். ஆனால் அதை எடுத்தால் ஐபோனில் மற்றப் பட்டன்களும் இடம் மாறும், மறுபடி முதலிலிருந்து. இருக்கட்டும் என்றேன். காரணம் சோம்பல், வேறொன்றும் இல்லை.

இரண்டு கேமரா. ஆண்கள் பக்கம் அண்ணாச்சி, அந்தப் படத்தை யாரும் பார்க்கலாம். பெண்கள் பக்கம் இ. பிடிப்பாள். அது வாப்பாவின் கடவுச்சொல்லுக்கு மட்டும் திறக்கும். உம்மா இந்த ஒன்றில் கண்டிப்பு. "ஊரு ஒலகமெல்லாம் பாக்கதுக்கா நாங்க ஒக்காந்திருக்கோம்?"

நவம்பர் 12, புதன்

அம்பாசமுத்திரம், பெரியம்மாவை அழைக்க. பஸ் ஜன்னல் மூடவில்லை, பாதிச் சேலை நனைந்தது. வயலெல்லாம் தண்ணீர்.

பின்சீட்டில் இருவர்:
"இப்படிப் பெஞ்சா பாவநாசம் டேமைத் தொறந்துருவான் வே."
"தொறக்கட்டும். நம்மளைக் கேட்டா தொறக்கான்?"

ஞாயிற்றுக்கிழமையும் இப்படிப் பெய்தால் மண்டபத்தில் நெட் என்ன ஆகும்? பெரியம்மா வைத்த கறியில் என்ன ருசி என்று தெரியவில்லை. "என்ன புள்ள, கல்யாணப் பொண்ணு போனையே பாத்துக்கிட்டு இருக்கே" என்றாள். மாப்பிள்ளையோடு பேசுகிறேன் என்று நினைத்துக் கண்ணடித்தாள். நான் சர்வர் விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாப்பா இல்லாததால் அவர்கள் தம்பி, என் சாச்சாதான் அந்த இடத்தில் இருந்து என்னைக் கொடுக்க வேண்டும். அதற்கு வாப்பா தன் வாயால் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும்.

"படம் பாக்கது உங்க சந்தோஷத்துக்கு. ஒப்படைக்கது போன்ல. சபையில போனை மைக் பக்கத்துல வச்சு நான் கேப்பேன். அவங்க சத்தமா சொல்லணும், சாட்சிங்க காதால கேக்கணும்."

சரி என்றோம். ஆக, ஷாஜியின் போனில் படம், இன்னொரு போனில் குரல். வாப்பாவுக்கு இரண்டு கையும் வேலை.

நவம்பர் 15, சனி

வலது கையில் மருதாணி. இடது கையால் எழுதுவதால் கோழிக் கிறுக்கல். பிரவுசரில் கறுப்புத்திரை. நான் சொல்லச் சொல்ல இ. தட்டினாள். "ஒனக்குக் கல்யாணம், எனக்குத் தண்டனை" என்றாள். சரியாகிவிட்டது. இனி ஒன்றும் தொடக்கூடாது.

தொட்டுவிட்டேன். மறுபடி ஒரு கைதட்டல் சோதனை. வாப்பா உடனே "தெரியுது" என்றார்கள். நாளைக்கு நல்ல சட்டை போடுவேன் என்றார்கள். அவர்களை நாங்கள் பார்க்க முடியாது என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

நவம்பர் 17, திங்கள்

புது வீடு. ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று இன்னும் பிடிபடவில்லை.

எழுதிவிட வேண்டும்.

நேற்று மழை இல்லை. நெட் நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. ஹஜ்ரத் போனை மைக்கிடம் வைத்துக் கேட்டார்கள்: உங்கள் மகளை நிக்காஹ் செய்து கொடுக்க உங்கள் தம்பியிடம் பொறுப்பு ஒப்படைக்கிறீர்களா?

பதில் இல்லை.

நடுவில் கட்டிய துணித்திரைக்கு இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் எல்லாம் எங்களுக்கும் கேட்கும். மறுபடி கேட்டார்கள். பதில் இல்லை. போன் கட்டாகவில்லை, ஷாஜி இருமுவது கேட்டது. என் தோளில் இருந்த மாமியாரின் கை மெதுவாக எடுபட்டது. பின்னால் யாரோ, "வாப்பாக்குப் பிடிக்கலையோ?" உம்மா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

ஆண்கள் பக்கமிருந்து அண்ணாச்சி சத்தம் போட்டார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! அவரு வீடியோவைப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஹஜ்ரத் கேட்டது இன்னும் அங்கன போய்ச் சேரலை!"

சபை சிரித்தது. சிரிப்பு அடங்குகிற நேரத்தில் வாப்பாவின் குரல், கரகரவென்று. "ஒப்படைச்சிட்டேன். எனக்குச் சம்மதம்."

அப்புறம் எல்லாம் முறைப்படி. சாப்பாட்டில் இதே பேச்சு. "ஒன் ஆப்பு எங்க உசுரை வாங்கிருச்சேம்மா" என்றார்கள் மாமியார். "ஆமா மாமி, சரி பண்ணிருதேன்" என்றேன்.

ஆனால் அத்தனை தாமதம் கிடையாது. கைதட்டிப் பார்த்தவள் நான். அதோடு, இ. கேமராவை மடிக்கும்போது சொன்னாள்: "ஒன் பக்கம் பார்ப்பவர் ஒண்ணுன்னு கடைசி வரைக்கும் காட்டுச்சுட்டி." பெண்கள் பக்கம் திறக்கும் கடவுச்சொல் ஒன்றுதான். ஹஜ்ரத் கேட்கும்போது வாப்பா பார்த்துக்கொண்டிருந்தது என் பக்கம். அந்தப் படத்தில் ஹஜ்ரத்தே கிடையாது. அதில் எந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார்கள்? கேள்வி போனில், கேட்ட உடனேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்படியானால் ஏன் பேசவில்லை?

அவர் 'என்ன யோசனை' என்று கேட்டார். தலைவலி என்றேன்.

நவம்பர் 19, புதன்

வெயில். மொட்டைமாடிக்குத் துணி காயப்போட என்று சொல்லிவிட்டுப் போய் வாப்பாவுக்குப் போன்.

சாப்பிட்டியா, அந்த வீட்டில் எல்லாரும் எப்படி, தண்ணி உப்பா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"படம் லேட்டுதாம்மா. அண்ணாச்சிதான் சொன்னாருல்லா."

"நீங்க என் பக்கம்லா பாத்துக்கிட்டு இருந்தீங்க, வாப்பா."

நேற்று முன்தினம் சபையில் கேட்ட அதே—இல்லை, ஞாயிறு. நாள் கூடக் குழம்புகிறது. அதே மௌனம்.

"நான்தாம்மா நிப்பாட்டி வச்சேன்" என்றார்கள். "ஹஜ்ரத் கேட்டது மொத தடவையே கேட்டுச்சு. நீ அப்பதான் தலையைத் தூக்கி, படம் புடிக்குத புள்ளையைப் பாத்துச் சிரிச்சே. அதுல நிப்பாட்டுனேன். சொல்லணும்னுதான் வாயைத் தொறந்தேன். வரலை."

"பிடிக்கலையா வாப்பா?"

"சீ, அப்படிலாம் இல்லம்மா. நான் ஊருக்கு வாரப்பல்லாம் நீ வேற ஒரு அளவுல இருப்பே. எடுத்துட்டு வந்த சட்டை ஒண்ணும் ஒனக்குச் சேராது. திரும்பிப் போறதுக்குள்ள ஒழுங்காப் பாத்ததே கெடையாது. சரின்னு சொல்லிட்டா அடுத்தது ஓடிரும்லா. அதான் கொஞ்ச நேரம்."

நான் அழுதேன். கீழே கேட்டுவிடக்கூடாது என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

"நான் வந்த பொறவு வச்சிருக்கலாம்தான்" என்றார்கள். "நீயும் சொல்லலை. நானும் சொல்லலை. விடு. அந்த ஃபேனை முடுக்கியாச்சா?"

இல்லை. சாச்சா மறந்துவிட்டார்.

மத்தியானம் அண்ணாச்சியிடமிருந்து செய்தி. அடுத்த கல்யாணம் ஏரலில், பெண்ணின் அப்பா மஸ்கட்டில். தாமதத்தைக் குறைக்க வேண்டுமாம். நிறுத்தும் பட்டன் பற்றி இ. சொல்லியிருக்கிறாள் போல, லைவில் அது வேண்டாம், தூக்கிவிடுங்கள் என்கிறார்.

தாமதம் பார்க்கிறேன், பட்டன் இருக்கட்டும் என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. ஐபோனில் அது ரொம்பச் சின்னதாக இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக்க வேண்டும்.